பிரேக் ஆயில் எங்கே போனது?

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணையும். இன்ஜின் ஓடத் தொடங்கி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் ஒன்று மட்டும் அணையாமல் நிற்கிறது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, வட்டத்தின் இரு பக்கமும் வளைந்த கோடுகள், நிறம் சிவப்பு. பிரேக் எச்சரிக்கை விளக்கு.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். வழியில் ஏதாவது ஒரு கடையில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருப்பதைப் பார்த்து, ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுகிறார்கள். விளக்கு அணைகிறது. வேலை முடிந்ததென்று வண்டியும் கிளம்பிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பெட்ரோலைப் போல எரிந்து தீருகிற பொருளா பிரேக் ஆயில்? மூடிய குழாய்க்குள் இருந்துகொண்டு, பெடலில் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அளவு குறைந்திருந்தால் அது வேறு எங்கோ போயிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த விளக்கைப் பற்றிய ஆராய்ச்சியின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விளக்கு வந்துவிட்டால் காரணம் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான உயரத்திலேயே கெட்டியாக நின்றால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். கால் தரைவரை இறங்கினாலோ, பஞ்சு போல அமுங்கினாலோ, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால்தான் பிடிக்கிறது என்றாலோ அந்த வண்டியை ஓட்டவே கூடாது. வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி விளக்குக்கு வருவோம். பழைய வண்டிகளின் ஒயரிங் படத்தைப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். சாவி ஆனில் இருக்கும்வரை விளக்கின் ஒரு முனைக்குப் பேட்டரியின் 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். மறுமுனையிலிருந்து ஒயர் கிளை பிரிந்து ஒன்று ஹேண்ட் பிரேக் அடியிலுள்ள ஸ்விட்சுக்கும், இன்னொன்று பிரேக் ஆயில் டப்பாவிலுள்ள ஸ்விட்சுக்கும் போகும். இரண்டில் எது மூடி எர்த்தைத் தொட்டாலும் விளக்கு எரியும். இன்றைய கார்களில் நடுவே ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது என்றாலும் ஏற்பாடு மாறவில்லை. தகவல் தருகிறவர்கள் பலர், சொல்லும் வாய் ஒன்றுதான். ஆகவே விளக்கை மட்டும் பார்த்துக் காரணத்தைச் சொல்ல யாராலும் முடியாது. ஒவ்வொரு கிளையாக விலக்கிப் பார்ப்பதே வழி.

ஹேண்ட் பிரேக்கில் தொடங்குவது நல்லது. லிவரின் மேலுறையைக் கழற்றினால், அடியில் விரல்நுனி அளவுக்கு ஒரு ஸ்விட்ச் தெரியும். லிவர் முழுதாக இறங்கியதும் அதன் தகடு ஸ்விட்சின் குமிழை உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தினால் இணைப்பு அறும், விளக்கு அணையும். குமிழில் தூசியும் சிந்திய காபியின் பிசுக்கும் ஒட்டி அது பாதியில் நின்றுபோவது உண்டு. தகடு சற்று வளைந்திருப்பதும் உண்டு. லிவரை விரலால் கீழ்நோக்கி அழுத்தும்போது விளக்கு அணைந்து, கையை எடுத்தால் மீண்டும் எரிகிறதென்றால் இந்த ஸ்விட்ச்தான் காரணம். ஒயரைக் கழற்றியும் அணையவில்லை என்றால் சந்தேகம் அடுத்த கிளைக்குப் போகிறது. அதற்கு முன், கார்பெட்டுக்கு அடியில் ஒயர் எங்காவது உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் புகுந்த வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

லிவர் ஒரு பல் மட்டும் ஏறியிருந்து, ஓட்டுநர் கவனிக்காமலே போவதும் உண்டு. அப்போது விளக்கு சொல்வது முழு உண்மை. பின்சக்கர ஷூக்கள் டிரம்மை உரசியபடியே போகும். சில கிலோமீட்டரில் டிரம் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும், லைனிங் கருகும் வாசனை வரும்.

இப்போது ஆயில் டப்பா. பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம், இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டி, பால் நிறத்தில் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். பக்கவாட்டில் மேக்ஸ், மின் என இரண்டு கோடுகள். உள்ளே ஒரு மிதவை, மிதவைக்குள் ஒரு சிறு காந்தம். டப்பாவிலோ மூடியிலோ செருகியிருக்கும் கண்ணாடிக் குழாய்க்குள், ஒன்றையொன்று தொடாமல் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். ஆயில் குறைய, மிதவை இறங்க, காந்தம் நெருங்கியதும் நாக்குகள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மின்சாரம் பாய்ந்து விளக்கு எரிகிறது. ரீட் ஸ்விட்ச் என்னும் இந்த அமைப்பு 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. தொலைபேசித் துறைக்காகப் பிறந்த கருவி, திரவத்துக்கும் மின்சாரத்துக்கும் இடையே கண்ணாடிச் சுவர் இருப்பதால் பிரேக் ஆயில் டப்பாவுக்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அளவு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதைச் சமதளத்தில் நிறுத்தி, டார்ச் அடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும். விளக்கு எப்போதும் எரியாமல், இறக்கத்திலும் வளைவிலும் அழுத்தி பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் மின்னி மறைந்தால், அளவு மின் கோட்டை நெருங்கிவிட்டது என்று பொருள். ஆயில் ஒரு பக்கமாகச் சரியும்போது மிதவையும் சேர்ந்து இறங்குகிறது. இப்படி மின்னுவதை மின்சாரக் கோளாறு என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். எனக்குத் தெரிந்தவரை, இந்த விளக்கு தருகிற தகவல்களிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான். பழுது முற்றுவதற்கு முன்பே அது பேசத் தொடங்கிவிடுகிறது.

சரி, குறைந்த ஆயில் எங்கே போனது? முதல் விடை பலருக்கு வியப்பாக இருக்கும். அது வெளியே எங்கும் போகவில்லை, சக்கரத்திலேயே இருக்கிறது.

முன்சக்கரத்தில் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பிரேக் பேட் தேயத் தேய, அந்த இடைவெளியை நிரப்ப பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே நகர்ந்து அங்கேயே நின்றுகொள்ளும். அது விட்டுவந்த இடத்தில் ஆயில் நிரம்பும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நடுத்தரக் காரின் பிஸ்டன் விட்டம் 54 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் முகப்பரப்பு ஏறக்குறைய 23 சதுர சென்டிமீட்டர். உள்பேட், வெளிப்பேட் இரண்டும் தலா 8 மில்லிமீட்டர் தேய்ந்தால் பிஸ்டன் மொத்தம் 16 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது ஒரு சக்கரத்தில் சுமார் 37 மில்லிலிட்டர், இரண்டு முன்சக்கரத்திலும் சேர்த்து 70 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவும் டப்பாவிலிருந்து இறங்கியது. மேக்ஸுக்கும் மின்னுக்கும் இடையே விட்டிருக்கும் இடம் இந்தத் தேய்மானத்தை மனதில் வைத்து அமைத்தது. டப்பாவின் மட்டம் பேடின் தடிமனுக்கு ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறது. சக்கரத்தைக் கழற்றாமலே, தனி சென்சார் எதுவும் இல்லாமலே, பேட் தேய்ந்த செய்தி டேஷ்போர்டுக்கு வந்துசேர்கிறது. வாகனப் பொறியியலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடுகள் அதிகம் இல்லை.

ஊற்றிவிடும் பழக்கம் அழிப்பது இந்த அளவுகோலைத்தான். பேட் தேய்ந்து மட்டம் இறங்கிய நேரத்தில் மேக்ஸ் வரை ஊற்றினால் விளக்கு அணையும். பேட் மேலும் தேய்ந்து, பின்தகடான இரும்பு டிஸ்க்கை அறுக்கத் தொடங்கும்வரை அந்த விளக்கு மறுபடி வராமலே போகலாம். பிறகு புதுப் பேட் போடும் நாளில் இன்னொரு சிக்கல் வரும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அங்கிருந்த ஆயில் முழுதும் டப்பாவுக்குத் திரும்பி, கூடுதலாக ஊற்றியது மேலே வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் இன்ஜின் அறையில் பெயின்ட் உரிந்து துரு பிடிக்கும். ஆகவே மட்டம் இறங்கியிருந்தால் முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பாருங்கள். பேடின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றியாக வேண்டும். மாற்றியதும் மட்டம் தானாகவே மேலேறும், ஒரு சொட்டு ஊற்றாமலே விளக்கு அணையும்.

பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் லீக்தான். இங்கே அவசரம் கூடுகிறது. தேடும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் நான்கு சக்கரங்களின் உட்புறம். டயரின் உள்சுவரில் ஈரமாக ஒரு பட்டை இறங்கியிருந்தால் அந்தச் சக்கரத்து வீல் சிலிண்டரோ காலிப்பர் ரப்பரோ விட்டுவிட்டது. பின்சக்கர டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் இரு முனையிலுமுள்ள ரப்பர் உறையின் விளிம்பை மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே காய்ந்திருந்தால் நலம். ஆயில் தேங்கி நின்றால் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஆயில் நனைத்த பிரேக் ஷூவையும் தூக்கி எறியத்தான் வேண்டும். அடுத்து, சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள். பிறகு வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் இவை கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிபடும்.

எங்கும் ஈரம் இல்லை, ஆனாலும் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அனுபவமுள்ள மெக்கானிக், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டரின் நட்டைக் கழற்றுவார். அதன் பின்முனை ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் ஆயில் வெளியே சொட்டாது. பின்னால் ஒட்டியிருக்கும் வேக்குவம் பூஸ்டருக்குள் போய்ச் சேரும். தரையில் கறை இருக்காது. பெட்ரோல் வண்டியில் இன்ஜினின் உறிஞ்சலில் அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு எரிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையாகப் போவதும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரைச் சற்று முன்னால் இழுத்து, பூஸ்டரின் வாயில் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும்.

ஊற்றியே ஆக வேண்டிய நேரத்தில் எதை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். இவை கிளைக்கால் வகைத் திரவங்கள். இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ அவசரத்துக்கு ஊற்றிவிட்டால் குழாயிலுள்ள ரப்பர் எல்லாம் ஊறிப் பெருக்கும். பெருத்த வாஷர் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளையை அடைக்க, பிரேக் பிடித்தது விடாமல் நிற்கும். அதன்பின் கழுவி எடுத்தால் போதாது. ரப்பர் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் மாற்ற வேண்டிவரும்.

மட்டம் சரியாகவே இருந்து விளக்கு எரிகிறதா? டப்பாவின் கப்ளரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் விளக்கு அணைந்துவிடும். அப்படியானால் மிதவையோ ரீட் ஸ்விட்சோ கெட்டிருக்கிறது. பல வருடம் மாற்றாத ஆயில் கறுத்து, அதன் வண்டல் மிதவையை அடியிலேயே பிடித்து வைத்திருக்கலாம். மிதவைக்குள் ஆயில் புகுந்து அது மூழ்கியும் போயிருக்கலாம். சில வண்டிகளில் கப்ளரைக் கழற்றினாலே கணினி அதையும் ஒரு குறையாக எடுத்துக்கொண்டு விளக்கை எரியவைக்கும். அங்கே மல்டிமீட்டரை வைத்து ஸ்விட்சை நேராகச் சோதிப்பதே சரி.

டப்பாவின் அடிப்பகுதி ஒரு தடுப்பால் இரண்டாகப் பிரிந்திருப்பதையும் சொல்ல வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரு வழியாகவும், மற்ற இரண்டும் வேறு வழியாகவும் இணைந்திருக்கும். ஒரு வழி முழுதாகக் காலியானாலும் தடுப்புக்கு மறுபுறத்து ஆயில் தங்கும், இரண்டு சக்கரம் பிடிக்கும். ஹைட்ராலிக் பிரேக்குக்கு மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் அதைப் பொருத்தி வந்தது. ஆனால் பல பத்தாண்டுகள் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே வழிதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு இரட்டை வழி கட்டாயமானது, எச்சரிக்கை விளக்கும் அதோடு வந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் இரு வழிகளின் அழுத்தத்தையும் ஒப்பிட ஒரு சிறு பிஸ்டன் நடுவில் இருக்கும். ஒரு பக்கம் அழுத்தம் விழுந்தால் அது நகர்ந்து ஸ்விட்சைத் தட்டும். லீக்கைச் சரிசெய்த பின்னும் அந்தப் பிஸ்டன் நடுவுக்குத் திரும்பாமல் விளக்கு எரிந்துகொண்டே இருப்பது, பழைய கார்களைப் பராமரிப்பவர்களுக்கு இன்றைக்கும் வருகிற தொல்லை.

சிவப்போடு மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் தேடும் இடம் மாறுகிறது. மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இல்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் இபிடி வேலையும் நின்றிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும். அந்த நேரத்தில் பின்னால் அழுத்தம் அதிகமானால் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழன்றுவிடும். முன்பு இதைத் தடுக்கத் தனி வால்வு இருந்தது, இப்போது மென்பொருள் செய்கிறது. அது கைவிட்டதைச் சொல்லத்தான் சிவப்பு. இங்கே ஸ்கேனர் இல்லாமல் ஊகித்துப் பயனில்லை. ஸ்கேனர் பெரும்பாலும் ஏதாவது ஒரு சக்கரத்தின் வேக சென்சாரைக் காட்டும். சேறு, அறுந்த ஒயர், எலி கடித்த ஒயர் என்று காரணம் எளிதாகவே இருக்கும். சக்கர பேரிங்கை மாற்றிய மறுநாளே இந்த விளக்குகள் வந்தால் பேரிங் திருப்பிப் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பல புது பேரிங்குகளின் ஒரு பக்க மூடியிலேயே காந்த வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இராவிட்டால் சக்கரம் சுற்றுவதே கணினிக்குத் தெரியாது.

பழைய ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் பிரேக் விளக்கும் பேட்டரி விளக்கும் ஜோடியாக எரியும். அது பிரேக்கின் பழுதே இல்லை, ஆல்டர்னேட்டரின் பழுது. இரண்டு விளக்கும் ஒரே ஒயரிங்கில் கோத்திருப்பதால் இப்படி.

இத்தனையும் சொன்ன பிறகு, இந்த விளக்குக்குத் தெரியாதவற்றையும் சொல்லியாக வேண்டும். விளக்கு எரியவில்லை என்பதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று நம்பி மலை ஏறுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. மிதவைக்குத் தெரிவது ஆயிலின் உயரம் மட்டுமே, ஆயிலின் தரம் அதற்குத் தெரியாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தர விதிப்படி புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவை 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் காலிப்பரின் சூடு பழைய ஆயிலைக் கொதிக்க வைத்துவிடும். கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த மிதியெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே போய், பெடல் தரையைத் தொடும். அந்த நொடியிலும் டப்பாவில் மட்டம் சரியாகவே இருக்கும், விளக்கு எரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றச் சொல்வது இதனால்தான். மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே வாஷர் தேய்ந்து, ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவும் பழுதும் விளக்குக்குத் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க, அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அதுதான்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் செய்து, ஹேண்ட் பிரேக்கை ஏற்றி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். லிவரை இறக்கியதும் அது அணைய வேண்டும். பிறகு, மிதவை மூடியோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில், கப்ளரைக் கழற்றாமல் டப்பாவின் மூடியைத் திருகித் தூக்கினால் மிதவை தொங்கி இறங்கும், விளக்கு மறுபடி எரிய வேண்டும். இரண்டில் எதிலாவது எரியவில்லை என்றால் யாரோ ஒயரை அறுத்திருக்கலாம், அல்லது பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அந்த வண்டியின் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பேட், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.